சின்ன ரிவால்வரின் உதை

என் கணவரை அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்து அவருடைய ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். உரிமம் வைத்திருப்பவர் இறந்துவிட்டால் அதுதான் நடைமுறை. அங்கிருந்த எழுத்தர் அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, "வாரிசுக்கு மாத்திக்கிறதுன்னா மனு குடுங்க சிஸ்டர். வேணான்னா வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். கணவர் விவசாயி. மணலூர்பேட்டைக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கரும்பு. வீடும் கரும்புக்குள்ளேயே இருக்கிறது. பயிர் தலைக்கு மேல் வளர்ந்த மாதங்களில் வாசலில் நின்றால் வானம் மட்டும்தான் தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு இல்லை. ஒருமுறை நாங்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில் பின்கதவை உடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் உரிமத்துக்கு மனு கொடுத்து அந்த ரிவால்வரை வாங்கினார். மாரடைப்பு வந்து அவர் வரப்பில் விழுந்த நாளில் அது அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

பெங்களூரில் வேலை செய்யும் என் மகள் போனில், "அத இன்னாத்துக்கும்மா வச்சிக்கினு இருக்கப் போறீங்க? எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். அவள் சொன்னதில் தவறு இல்லை. ஆனாலும் நான் மனுதான் கொடுத்தேன். காரணம் கேட்டால் இன்றைக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியாது. தனியாக இருக்கிறேன் என்பது ஒரு காரணம். எப்படிப் பிடிப்பதென்றே தெரியாத ஒரு பொருளை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்பது இன்னொன்று.

மனுவோடு பயிற்சிச் சான்றிதழும் வைக்க வேண்டும் என்றார்கள். கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையம் தாண்டி, ஒரு ரைபிள் கிளப்புக்குச் சுடுதளம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடித்துவிட்டு அங்கே போனேன். மூன்று பக்கம் மண் கரை, நான்காவது பக்கம் தகரக் கொட்டகை. மண் கரைக்குப் பின்னால் மலை ஏறத் தொடங்கிவிடுகிறது. பயிற்சி கொடுப்பவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் காது மந்தம் என்பதால் எல்லாவற்றையும் உரக்கத்தான் சொல்வார்.

எங்கள் வீட்டில் இருந்ததைப் போலவே ஒரு ரிவால்வர் கிளப்பிலும் இருந்தது. சின்னது. குழல் என் சுட்டுவிரல் நீளம்கூட இருக்காது. கையில் வாங்கியதும், இவ்வளவு லேசா என்றுதான் தோன்றியது. எனக்குச் சின்னக் கை. ஏழாம் எண்ணுக்கு மேல் கையுறை போட்டதில்லை. அதனால் இது எனக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பயிற்சியாளரும் அப்படித்தான் நினைத்தார்.

"லேடீசுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது, பாருங்க" என்றார்.

முதல் குண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளங்கையில் யாரோ மரக்கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது, மூன்றாவதுக்கும் அப்படித்தான். நான்காவது குண்டுக்குப் பிறகு கைப்பிடி ஈரமாக இருப்பதைப் பார்த்தேன். நடுவிரல் முட்டியில் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது.

"கெட்டியா புடிங்க சிஸ்டர். பயந்துக்கினே புடிச்சா அது உதைக்கத்தான் செய்யும்" என்றார் பயிற்சியாளர்.

இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். கை நடுங்கியது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தோலும் உரிந்தது. ஒரு நாளைக்கு முப்பது குண்டு சுட வேண்டும். பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். முதல் நாள் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், கை பழகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

கை பழகவில்லை. மறுநாள் பணியில், மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்க முடியவில்லை. கட்டைவிரலை அழுத்தினால் மணிக்கட்டு வரை வலி ஓடியது. ஒரு பெரியவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். நரம்பு நன்றாகத் தெரிந்தது; ஊசி உள்ளே போகும்போது என் கட்டைவிரல் நழுவியது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த சிஸ்டரைப் போடச் சொன்னேன். பொதுவாக மற்றவர்களுக்குக் கிடைக்காத நரம்பைத் தேட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் டிரஸ்ஸிங் அறையில் உட்கார்ந்து என் முட்டிக் காயத்தைக் கழுவினேன். நீளவாக்கில் இல்லாமல் குறுக்கே, நகத்தால் கீறிய பிறைபோல் இருந்தது. பஞ்சைக் கையில் எடுத்தபோதுதான் இதே காயத்தை முன்பே பார்த்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. இதே விரல், இதே முட்டி, இதே வடிவம். என் கணவருக்கு வருடத்தில் ஓரிரு முறை இந்தக் காயம் வரும். மோட்டார் பெல்ட் அடித்துவிட்டது என்பார். நான் கழுவி, மருந்து வைத்துக் கட்டுவேன். ஜாக்கிரதையாக இருக்கக் கூடாதா என்று கேட்பேன். இரண்டு நாள் பால் கறக்கச் சிரமப்படுவார். பெல்ட் அடித்தால் காயம் ஏன் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருகிறது என்று, காயத்தைப் பார்ப்பதே தொழிலாக இருந்த நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அடுத்த ஞாயிறு, என் கணவர் பெயரைச் சொல்லி, அவர் இங்கே வந்தது உண்டா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன்.

"உங்க வூட்டு சாரா? வருஷத்துக்கு ரெண்டு வாட்டி வருவாரே. உங்ககிட்ட சொன்னது இல்லியா?" என்றார் அவர். "பத்து ரவுண்டு சுடுவாரு. கைல கர்ச்சீப்ப சுத்திக்கினு சுடுவாரு. அப்பால டீ குடிச்சிட்டு போயிடுவாரு."

"ரத்தம் வருமா?"

"வரும். தொடச்சிப்பாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு சின்னத் துப்பாக்கி தன் கையைக் கிழிக்கிறது என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும். அல்லது நான் பயப்படுவேன் என்று நினைத்திருப்பார். இரண்டில் எது என்று இனிமேல் தெரியப்போவதில்லை. அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் காயம் வந்தால் அது ஆளின் பயத்தால் வருவது இல்லை. அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

காரணத்தைக் காட்டியது ஒரு பெண் ஏட்டு. காவல்துறைப் போட்டிகளுக்காக அவர் அந்தத் தளத்துக்கு வந்து பழகுவார். முப்பத்தைந்து வயது இருக்கும், உளுந்தூர்பேட்டைக்காரர். நான் பக்கத்துத் தடுப்பில் நின்று முட்டியைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"குட்டி ரிவால்வரா சிஸ்டர்? குடுங்க. குண்டு இல்லியே?" என்று கேட்டு, உருளையைத் திறந்து ஒவ்வொரு ஓட்டையையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையில் பிடித்தார். "எல்லாரும் சின்னதா இருந்தா உதை கம்மின்னு நெனச்சிக்கிறாங்க. ஜாஸ்தி. நாங்க சுடுறது ரெண்டு மடங்கு வெயிட்டு. அந்த வெயிட்டே பாதி உதைய வாங்கிக்கும். இதுல வாங்கிக்க ஒன்னும் இல்ல. எல்லாத்தையும் உங்க கைதான் வாங்கணும்."

பிறகு என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நான் பிடித்திருந்த இடத்துக்கு மேலே, குண்டை அடிக்கும் பின்பக்கச் சுத்திக்குக் கீழே, ஒரு விரல் அகலம் கைப்பிடி வெளியே தெரிந்தது. அதைத் தட்டிக் காட்டினார்.

"இவ்ளோ கீழ புடிச்சா குழல் உங்க கைக்கு எவ்ளோ மேல நிக்குது பாருங்க. சுட்டா நேரா பின்னால வராது. மூக்கத் தூக்கிக்கினு திரும்பும். கைப்பிடி வழவழன்னு இருக்குது. உங்க கைக்குள்ளியே சுத்தும். சுத்தும்போது இந்த வளையம் எங்க வந்து அடிக்கும்?"

விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தின் பின்பகுதி சரியாக என் நடுவிரல் முட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. வளையத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு சின்ன வெற்றிடம். அந்த இடைவெளி அளவுக்கு இரும்பு வேகம் எடுத்துக்கொண்டு வந்து முட்டியில் மோதுகிறது. பார்த்த உடனே புரிந்தது. அந்த இடைவெளியில் எதையாவது வைத்து அடைத்தால் வேகம் எடுக்க இடம் இருக்காது. படுக்கைப் புண் வரக்கூடிய இடத்தில் பஞ்சுத் திண்டு வைப்பது எனக்குத் தினசரி வேலை.

"ஏட்டம்மா, உங்களுக்கு இந்த மாதிரி ஆயிருக்குதா?" என்று கேட்டேன்.

அவர் வலது கட்டைவிரலை நீட்டினார். "இதவிட மோசம். ஆரம்பத்துல ஒரு போட்டிக்கு இதே மாதிரி குட்டி ஒன்ன வச்சி ஒரே நாள்ல நூறு ரவுண்டு சுட்டேன். வலிக்குதுன்னு சொன்னா பேர எடுத்துடுவாங்கன்னு சொல்லல. அப்பால இந்த வெரலு ஆறு மாசம் மரத்துப் போச்சி. சுடுசோறு எடுத்தா சூடு தெரியாது. ரெண்டு வாட்டி கொப்புளம் போட்டுச்சி."

அவர் விரலை வாங்கி, ஊசியின் மூடி முனையால் இரண்டு பக்கமும் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இன்னும் உணர்வு குறைவாகத்தான் இருந்தது. கட்டைவிரலின் ஓரத்தில் ஓடும் நரம்பு அடிபட்டிருக்கிறது. கைப்பிடியின் முதுகில் கட்டைவிரலை உயர்த்தி வைத்துச் சுட்டீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அன்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பயிற்சியாளர் இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து துணி பிளாஸ்திரி உருளையை எடுத்து நடுவிரல் முட்டியில் சுற்றத் தொடங்கியதும் அருகில் வந்தார்.

"சண்டைக்குப் போறவங்க பிளாஸ்திரி ஒட்டிக்கினா போவாங்க?"

"நா சண்டைக்குப் போகல சார். நாளைக்கு டூட்டிக்குப் போகணும்" என்றேன்.

ஏட்டம்மா சிரித்துவிட்டார். பயிற்சியாளர் கொட்டகைப் பக்கம் போனார்.

அது கிளப்பின் ரிவால்வர் என்பதால் கைப்பிடியை மாற்ற முடியாது. அதனால் கையைத்தான் மாற்றினோம். முட்டிக்குப் பிளாஸ்திரி இரண்டு சுற்று. வளையத்துக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் நான்காய் மடித்த காட்டன் துணியை வைத்து, அது விசைக்குப் பக்கத்தில் போகாமல் கைப்பிடியோடு சேர்த்து ஒட்டினோம். அதைச் செய்ய ஏட்டம்மா பயிற்சியாளரிடம் முதலில் அனுமதி கேட்டார். அவர் கையை ஆட்டினார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

பிடியை மேலே ஏற்றினேன். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. ரொம்ப மேலே போனால் சுத்தி பின்னால் வரும்போது தோலைக் கடித்துவிடும். சுத்திக்குக் கீழே ஒரு நூல் இடம் விட்டு நிறுத்தச் சொன்னார். கட்டைவிரலை மேலே நீட்டாமல் கீழே மடக்கி நடுவிரலின் மேல் வைத்தேன். மணிக்கட்டைப் பக்கவாட்டில் வளைக்காமல், முழங்கையிலிருந்து குழல் வரை ஒரே கோடாக வைத்துக்கொண்டேன். முழங்கையை முழுதாக நீட்டி விறைக்காமல் லேசாக விட்டேன். இடது கையால் வலது கையைச் சுற்றி மூடினேன். அப்போது ஏட்டம்மா சட்டென்று என் இடது கையைப் பிடித்தார்.

"இந்த வெரலு உருளைக்கு முன்னால போவக் கூடாது. உருளைக்கும் குழலுக்கும் நடுவுல இருக்குற சந்துல நெருப்பு வரும். கத்தி மாதிரி அறுக்கும். அப்புறம் மோதிரம். அத எடுத்துடுங்க."

என் கல்யாண மோதிரம். அதை நான் கழற்றியிருக்கவில்லை. வீங்கிய விரல்களிலிருந்து எத்தனையோ மோதிரங்களைச் சோப்பு போட்டும், நூல் சுற்றியும், கடைசியில் வெட்டியும் எடுத்திருக்கிறேன். கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கெட்டியாகப் பிடி என்று பயிற்சியாளர் சொன்னது முழுதும் தப்பு இல்லை என்பதும் அன்று தெரிந்தது. தளர்வாகப் பிடித்தால் துப்பாக்கி கைக்குள் ஓடி வந்து அடிக்கிறது. நடுங்குகிற அளவுக்கு நெரித்தால் விரல்களின் தசைநார் எல்லாம் விறைத்து, உதை நேராக மணிக்கட்டுக்குப் போகிறது. எவ்வளவு என்று கேட்டதற்கு ஏட்டம்மா, "சைக்கிள்ல எறக்கத்துல எறங்கும்போது ஹேண்டில் பார எவ்ளோ புடிப்பீங்க, அவ்ளோ" என்றார். எனக்குச் சைக்கிள் நன்றாகத் தெரியும்.

குண்டு போடாமல், வெற்றுத் தோட்டாக்களை வைத்து அரை மணி நேரம் விசையை மட்டும் இழுத்துப் பழகினேன். பிறகு ஆறு குண்டு. உதை இருந்தது. ஆனால் அது இப்போது ஓர் இடத்தில் வந்து விழாமல் உள்ளங்கை முழுக்கப் பரவித் தோள் வரை போய்த் தீர்ந்தது. ஆறு முடிந்ததும் பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தேன். முட்டி சிவந்திருந்தது. கிழியவில்லை.

"இன்னும் இருபத்திநாலு ரவுண்டு பாக்கி இருக்குது" என்று கூப்பிட்டார் பயிற்சியாளர்.

"இன்னிக்கி ஆறு போதும் சார்" என்றேன். மருந்துக்கு அளவு இருப்பது போல இதற்கும் உண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். வலி வந்த பிறகு நிறுத்துவது தாமதம். விரல் நுனியில் சுறுசுறுவென்று வந்தாலே நிறுத்திவிட வேண்டும்.

வேறு யாராவது என்றால் மூன்று ஞாயிறில் முடித்திருப்பார்கள். எனக்கு எட்டு ஞாயிறு ஆனது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த நீரில் கையை வைத்திருந்துவிட்டு, மறுநாள் காலையில் பேனாவைப் பிடித்துப் பார்ப்பேன். எழுத்து கோணினால் அடுத்த வாரம் போக மாட்டேன். அப்படி இரண்டு வாரம் போகவில்லை. கரும்பு வெட்டுகிற பெண்கள் மணிக்கட்டு வீங்கி வரும்போது, "ஒரு வாரம் அரிவாள தொடாதீங்க" என்று சொல்லி அனுப்புவேன். அவர்களால் அது முடியாது என்பது தெரிந்தே சொல்வேன். எனக்கு முடிந்தது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை.

எட்டாம் ஞாயிறு, தேர்வுக்காகப் பதினைந்து அடி தூரத்தில் வைத்த அட்டையில் சுட்ட பத்தில் எட்டு குண்டு வட்டத்துக்குள் விழுந்தன. பயிற்சியாளர் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். சான்றிதழில் கையெழுத்துப் போடும்போது அவர் பேனாவை இரண்டாவது விரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் நடுவில் செருகிப் பிடித்திருந்ததைக் கவனித்தேன்.

"கட்டைவெரலு மடங்காதா சார்?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். பிறகு கையை மேசை மேல் வைத்தார். கட்டைவிரலின் அடிமூட்டு முடிச்சுப்போல் புடைத்திருந்தது. அழுத்தியதும் முகம் சுளித்தார்.

"வயசாச்சில்ல சிஸ்டர்" என்றார்.

"இடது கைக்கும் அதே வயசுதானே சார். அது நல்லா மடங்குதே."

எலும்பு மருத்துவரிடம் காட்டச் சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போனாரா என்று பின்னால் கேட்டபோது, டவுனுக்கு வர நேரம் கிடைக்கவில்லை என்றார். நாலு மாதம் கழித்துப் போனார். மூட்டுத் தேய்ந்துவிட்டது, இனி முழுதாகச் சரியாகாது, வலியைக் குறைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் என்னிடம் வழக்கம்போல் உரக்கத்தான் சொன்னார், கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

உரிமம் என் பெயருக்கு மாறி வந்தது. ரிவால்வரை நிலையத்திலிருந்து வாங்கி வந்த வாரமே சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். மரக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ரப்பர் கைப்பிடி போட்டேன். அது வளையத்துக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியை நிரப்பிவிடுகிறது. பின்பக்கமும் தடிமன் கூடுதல். கடைக்காரர் பழைய மரப்பிடியை ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார். அதன் வலது பக்கம், நடுவிரல் படும் இடத்தில், கறுத்துப் போயிருந்தது. என்ன கறை என்று கடைக்காரர் கேட்கவில்லை. அதை வீட்டில் வைத்திருக்கிறேன். எறிவதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை.

மகள் விடுமுறைக்கு வந்தபோது ரிவால்வரைக் காட்டச் சொன்னாள். குண்டு இல்லை என்பதை இரண்டு முறை காட்டிவிட்டுக் கொடுத்தேன். பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு இது வலிச்சிருக்குமா?" என்று கேட்டாள். "வலிச்சிருக்கும்" என்றேன். அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அதற்குப் பிறகு சொல்லவில்லை; வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லவில்லை.

போன வருடம் ஏட்டம்மா போன் செய்தார். புதிதாக உரிமம் கேட்டிருக்கும் பெண்கள் ஐந்து பேர் பயிற்சிக்கு வருகிறார்கள், கையைப் பற்றி நான் வந்து கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று கேட்டார். பயிற்சியாளர்தான் கூப்பிடச் சொன்னாராம்.

போனேன். பெட்ரோல் பங்க் நடத்தும் ஒரு அம்மா, அடகுக்கடைக்காரர் மனைவி, கணவர் வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பேர், தோட்டம் வைத்திருக்கும் ஒருவர். பாதி நேரம் துப்பாக்கியைத் தொடவே இல்லை. ஒவ்வொருவர் கையையும் வாங்கிப் பார்த்தேன். ஒருவருக்கு ஏற்கெனவே மணிக்கட்டில் வீக்கம் இருந்தது. அவரை அன்று சுட வேண்டாம் என்றேன். மற்றவர்களுக்குப் பிளாஸ்திரி சுற்றக் காட்டினேன், மோதிரம் வளையலைக் கழற்றச் சொன்னேன், ஆறுக்கு மேல் வேண்டாம் என்றேன். பயிற்சியாளர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதையும் மறுக்கவில்லை. அன்று யாருக்கும் ரத்தம் வரவில்லை.

கிளம்பும் நேரத்தில் பெட்ரோல் பங்க் அம்மா பக்கத்தில் வந்து கேட்டார். "சிஸ்டர், வூட்டுக்குப் போயி இன்னிக்கி துணி தொவைக்கலாங்களா?"

"தொவைங்க. பிழியறத மட்டும் வேற யாரையாவது செய்யச் சொல்லுங்க" என்றேன்.

"வேற யாரு இருக்காங்க?" என்றார் அவர்.

"அப்ப பிழியாம கொடியில போட்டுடுங்க. சொட்டிக்கினே காயும்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.